கைப்பையில் போகவேண்டிய சப்பாத்து

ஜூலை 28, ஞாயிறு

நெஞ்சு படபடக்கும்போது எழுது என்று டொக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. குளிசையும் தந்தார், கொப்பி ஒன்றும் வாங்கச் சொன்னார். குளிசையை ஒழுங்காகப் போட்டேன். கொப்பியை இன்றைக்குத்தான் திறக்கிறேன். மகள் ஆரணிக்கு டிக்கெட் வந்துவிட்டது. ஓகஸ்ட் இருபத்தொன்று, சூரிச்சிலிருந்து நியூசிலாந்து. இங்கே கோடை என்றால் அங்கே பனிக்காலமாம். பனி இல்லாத மாதம் என்று ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்தால் என்ன?

எழுதுவதென்று வந்தபின் முறையாக எழுதுகிறேன். நான் சுகிர்தமலர். வயது நாற்பத்தொன்பது. இந்த மலைக் கிராமத்து ஹோட்டலில் பதினேழு வருடமாக வேலை. கோடையில் அறை துப்புரவு. பனிக்காலத்தில், பனியில் சறுக்குகிறவர்கள் போடும் ஸ்கீச் சப்பாத்துகளுக்கென்று நிலவறையில் உள்ள அறை என் பொறுப்பு. விருந்தாளிகள் பின்னேரம் கழற்றிப் போடும் ஈரச் சப்பாத்துகளைச் சூட்டுக் குழாயில் கவிழ்த்துக் காயவைத்து, காலையில் கொளுக்கிகளைத் திறந்து, இளஞ்சூட்டோடு அவர்கள் காலடியில் வைப்பேன். வெளிக்கூடு கடும் பிளாஸ்ரிக், உள்ளே மெத்தென்ற உள்சப்பாத்து. யாருக்கு எது கடிக்கும், யாருக்கு எது தளரும் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஊரில் செருப்புக்கே வழியில்லாமல் பள்ளிக்கூடம் போனவள் நான்.

ஆறு வயதில் ஆரணி பள்ளி விட்டு அந்த அறைக்குத்தான் வருவாள். யாரோ விட்டுப்போன சின்னச் சோடி ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டதும் நான்தான். கொளுக்கியைப் பூட்டிப் போய் விளையாடு என்றேன். பதின்மூன்று வருடமாக விளையாடுகிறாள்.

ஜனவரியில் இவளோடு ஒரே குழுவில் ஓடிய லீவியா பயிற்சியில் தடுப்பு வலையை உடைத்துக்கொண்டு போய்ச் செத்தாள். செத்தவீட்டில் தாய்க்காரி என் கையைப் பிடித்தாள். கையை விடவே இல்லை. அடுத்தது நான்தான் என்று அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு இரவும் முழுதாகக் கண் மூடவில்லை. இவருக்கு இது தெரியாது. இவர் தலையணையில் தலை வைத்தால் குறட்டை.

ஓகஸ்ட் 3, சனி

வாக்குவாதம். நான் தொடங்கவில்லை. பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை பழகுகிறாயே, இன்னும் ஒரு வருடம், அதை முடித்தால் என்ன என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவள் முழுக் கதையையும் மறுபடி சொன்னாள். பத்தொன்பது வயதாகிவிட்டது, தேசியக் குழுவின் கீழ்ப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் கடைசி வாய்ப்பு இதுதான், இருபத்தைந்தாம் திகதி ஞாயிறு அந்த ஒரே வேகப் போட்டியில் நல்ல புள்ளி எடுத்தால் குழுவில் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது.

"முடிஞ்சதெண்டா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சதெண்டா முடிஞ்சதுதான் அம்மா. பிறகு நான் ஞாயிற்றுக்கிழமையில சும்மா ஓடுற ஆள்."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. இரண்டு பேருக்கும் காரணம் வேறு.

பிறகு சமாதானமாகிச் சப்பாத்தைப் பற்றிக் கதைத்தோம். சறுக்குப் பலகைகளைப் பயிற்சியாளர் ரேத்தோ முன்னமே மற்றப் பிள்ளைகளோடு கொண்டுபோய்விட்டார். சப்பாத்து மட்டும் இவளோடு போகும். பலகை தொலைந்தால் இன்னொரு பலகை எடுக்கலாம், சப்பாத்து தொலைந்தால் போட்டியே இல்லை. அவள் காலின் எலும்புக்கும் புடைப்புக்கும் ஏற்றபடி சூடாக்கி வார்த்தது. நம்பர் இருபத்துமூன்றரை. அதனால் அதைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் ஒருபோதும் அனுப்பக்கூடாது, கையோடு கொண்டுபோய்த் தலைக்கு மேலே வைக்கவேண்டும். இதை எனக்கே சொல்லித் தருகிறாள். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குவது போல. எத்தனை விருந்தாளிகள் பெட்டி வராமல் நிலவறை வாசலில் தலையில் கை வைத்து நின்றதைப் பார்த்தவள் நான்.

கைப்பை எட்டுக் கிலோவுக்கு மேல் போகக்கூடாதாம். சோடி ஐந்து கிலோ நானூறு. பை ஒரு கிலோ. தாராளம்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். என்ன கேட்டேன் என்று எழுதப்போவதில்லை.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

பவளம் மச்சாள் போன் எடுத்தா. இவருடைய தங்கை, கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறா. ஆரணியை விமான நிலையத்தில் சந்தித்து, சாப்பாடு கொடுத்துத்தான் மலைக்கு அனுப்புவாவாம். நல்ல மனுசி, ஆனால் வாய் மூடாது. அந்த நாட்டுச் சட்டதிட்டமெல்லாம் சொன்னா. நாய் வந்து மணந்து பார்க்குமாம், பெட்டி திறப்பார்களாம், தண்டம் கட்டவேண்டுமாம். நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அரைவாசி காதில் விழவில்லை. ஓம் ஓம் என்றேன்.

ஆரணியிடம் சொல்லும்படி ஏதும் இல்லை.

ஓகஸ்ட் 17, சனி

மிளகாய் வறுத்து வீட்டு மிக்சியில் அரைத்தேன். வீடெல்லாம் தும்மல். இவர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இவ்வளவும் யாருக்கு என்று கேட்டார். உங்கள் தங்கைக்குத்தான் என்றேன். அந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கு நான் ஏதும் கொடுத்தால் இவருக்கு முகம் மலர்ந்துவிடும். நல்லது செய்தீர் என்றார்.

உள்சப்பாத்தை வெளியே இழுத்துக் காயவைத்தேன். இரண்டு நாள் காயவேண்டும். ஈரத்தோடு கட்டினால் மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

இன்று கட்டினேன். ஆரணி வேலைக்குப் போயிருந்தாள், பின்னேரம் ஆறுக்குத்தான் வருவாள். தன் உடுப்புப் பெட்டியைத் தானே கட்டிவிட்டாள். சப்பாத்துப் பையை மட்டும் என்னிடம் விட்டாள். ஏனென்றால் என்னைவிட ஒழுங்காகக் கட்டுகிறவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை, அதை அவளே எல்லோருக்கும் சொல்லுவாள்.

முறைப்படிதான் செய்தேன். உள்சப்பாத்தை நாக்கு மடியாமல் திரும்ப ஏற்றினேன். கொளுக்கிகளை முதல் பல்லில் மட்டும் பூட்டினேன். திறந்தபடி விட்டால் கூடு விரிந்துபோகும், இறுக்கினால் உள்ளே நசியும். அடிப்பக்கத்துக்கு ரப்பர் மூடி போட்டேன். ஒன்றின் நுனி மற்றதின் குதிக்கு வரும்படி மாற்றி வைத்து, இடையில் துவாய்.

சப்பாத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை வீணாக்கக்கூடாது. அது ஸ்கீக்காரரின் முறை. அவர்கள் காலுறை, கையுறை எல்லாம் உள்ளே திணிப்பார்கள், உருவமும் கெடாது, இடமும் மிச்சம். எங்கள் சனமும் வெற்றிடத்தை விடாது. கொழும்புக்குப் போகும் சோற்றுக் குக்கருக்குள் சொக்கிலேற் நிரப்பி அனுப்பாத தமிழ் வீடு சுவிசில் உண்டா? அதனால் இடது சப்பாத்துக்குள் ஒரு கிலோ மிளகாய்த்தூள், இரண்டு பொலித்தீனில் சுற்றியது. வலதுக்குள் கட்டாக் கருவாடு. பக்கப் பையில் முருங்கை விதை, தமிழ்க் கடையில் வாங்கிய கறிவேப்பிலை, காம்போடு, ஈரக் கடதாசியில். துவாய்க்குக் கீழே இன்னும் கொஞ்சம் சரக்கு, அரிசிமா. மேலே காலுறை இரண்டு சோடி. மச்சாள் கேட்கவில்லைதான். கேட்டுக் கொடுப்பதா உறவு?

தூக்குத் தராசில் பத்துக் கிலோ எண்ணூறு காட்டியது. தராசு பழையது.

ஆரணி வந்து பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன இது பாரமாக இருக்கிறது, உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். காலுறை என்றேன். காலுறையும் இருந்ததுதானே.

குளிசை போட்டேன்.

ஓகஸ்ட் 21, புதன்

போய்விட்டாள்.

விமான நிலையத்தில் பெண் ஒருத்தி பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். எப்போதும் வைப்பதில்லையாம், இன்று விமானம் நிரம்பி வழிகிறதாம். பத்துக் கிலோ எண்ணூறு. தராசு பழையதில்லைப் போலிருக்கிறது. இதைக் கீழே போடவேண்டும் என்றாள். ஆரணியின் முகம் வெளிறிவிட்டது. இது போட்டிச் சப்பாத்து, கையில்தான் போகவேண்டும் என்று ஜெர்மனில் கெஞ்சினாள். அப்படியானால் சாமானைக் குறையுங்கள் என்றாள் அவள். ஆரணி குனிந்து பையின் சிப்பைத் திறக்கப் போனாள்.

நான் சிப்பின் மேல் கையை வைத்தேன். பின்னால் வரிசை நீளமாக நின்றது, இவரும் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். இங்கே எல்லாவற்றையும் கொட்டி எப்படித் திரும்பக் கட்டுவது?

"விடு பிள்ளை. ஒண்டும் நடக்காது. நான் வடிவா கட்டியிருக்கிறன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். என் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

பை பட்டியில் ஏறிப்போனது. அவள் கட்டிப்பிடித்தபோது, கவனம் என்று மட்டும் சொன்னேன்.

ஓகஸ்ட் 23, வெள்ளி

காலையில் ஆரணி எடுத்தாள். அங்கே பின்னேரம். பை வந்ததாம், ஆனால் நாய் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதாம். வருகைப் பத்திரத்தில் உணவு, விதை, இலை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இவள் இல்லை என்று கீறியிருக்கிறாள், அவளுக்குத் தெரிந்ததைத்தானே கீறுவாள். இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து விசாரித்திருக்கிறார்கள். தண்டம். கருவாட்டு எண்ணெய் உள்சப்பாத்தில் ஊறிவிட்டதாம், இலையில் ஏதோ பூச்சி முட்டையாம். சப்பாத்தைச் சுத்திகரிக்க வேறிடம் அனுப்பிவிட்டார்கள். சனி, ஞாயிறு அங்கே பூட்டு. செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை போட்டி. செவ்வாய்க்கிழமை எனக்கு அது என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அழுதாள். பவளம் மச்சாள் பக்கத்தில் நின்று அவளைத் தடவுவது கேட்டது.

இவர் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். உமக்கு விசரா, பிள்ளையின் சப்பாத்துக்குள்ளேயா கருவாடு வைப்பது என்று. தலை குனிந்து நின்றேன். பின்னேரம் நண்பர் ஒருவர் எடுத்தபோது இவரே அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னார். எங்கட சனத்தைத் திருத்தேலாது அண்ணை, பிள்ளை ஒலிம்பிக்குப் போனாலும் அதுக்குள்ளையும் அரைக் கிலோ தூள் வைச்சு அனுப்புவினம் என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. பசித்தது. சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக நல்ல நித்திரை.

ஓகஸ்ட் 24, சனி

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபம். கோபம் ஆறும். பிள்ளை இருந்தால்தானே கோபமும் இருக்கும்.

ஜன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்தேன். அவள் அறையைக் கூட்டினேன். பனிக்காலம் முழுக்க வீட்டில் இருப்பாள், மேசை ஒன்று தேவைப்படும் என்று இவரிடம் சொன்னேன். இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

ஏழு மணிக்கு எழும்பினேன். இவர் போனைக் குசினியில் சார்ஜில் விட்டிருந்தார். என் போனின் சத்தத்தை நித்திரைக்காக நானே நிறுத்தியிருந்தேன். ஒன்பது அழைப்புகள்.

ஓடியிருக்கிறாள்.

ஸ்லோவேனியாப் பிள்ளை ஒருத்தியின் மேலதிகச் சோடியை இரவல் வாங்கியிருக்கிறாள். இருபத்துநாலரை. ஒரு நம்பர் பெரிது. வழுகாமல் இருக்க இரண்டு காலுறை போட்டாளாம். போட்டியில் ஓடுகிறவர் ஒற்றை மெல்லிய காலுறைக்கு மேல் போடக்கூடாது, இரண்டு போட்டால் கால் உள்ளே உருளும், அது எனக்குத் தெரியும். சப்பாத்து நீளம் மாறினால் பலகையில் பிடிக்கும் பூட்டைப் புதிதாகப் பொருத்தவேண்டும். அவசரத்தில் பொருத்தினார்களாம். பதினோராவது கொடியில் கால் உள்ளே உருண்டு, பலகை பனியைப் பிடிக்காமல் போய், விழுந்தபோது பலகை கழலவும் இல்லை. பலகையோடு சுழன்று கம்பத்தில் முதுகு அடித்திருக்கிறது.

முள்ளந்தண்டு என்றார் ரேத்தோ. இவரோடு ஜெர்மனில் கதைத்தார். எனக்குக் கேட்கக்கூடாதென்று இவர் குசினிக் கதவைச் சாத்தினார். கதவு மெல்லியது.

சப்பாத்து இல்லாவிட்டால் ஓடமாட்டார்கள். பதினேழு வருடத்தில் இன்னொருவர் சப்பாத்தைப் போட்டுப் போட்டிக்குப் போன ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

ஓகஸ்ட் 29, வியாழன்

கிறைஸ்ட்சேர்ச். பவளம் மச்சாள் வீடு. நேற்று வந்தோம்.

ஆரணியைப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறாள், கதைக்கிறாள். தலையில் கீறல்கூட இல்லை. போர்வைக்குள் கை விட்டு அவள் பாதத்தைப் பிடித்தேன். இளஞ்சூடாக இருந்தது. நான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு, அப்பா வந்த விமானம் எப்படி என்று கேட்டாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் இவர் குளிக்கப் போன நேரம் மச்சாள் குசினிக் கதவடியில் நின்று கேட்டா:

"நான் உங்களுக்குச் சொன்னனான் அல்லோ மச்சாள்? பச்சை இலை, விதை, கருவாடு ஒண்டும் அனுப்பாதேங்கோ, பிடிச்சா எல்லாத்தையும் மறிச்சுப் போடுவாங்கள் எண்டு. ரெண்டு தரம் சொன்னனான்."

"எனக்கு ஞாபகம் இல்லை மச்சாள்," என்றேன்.

அவ நெடுநேரம் என்னைப் பார்த்தா. பிறகு சோறு வடிக்கப் போய்விட்டா. அந்த வாய் மூடாத மனுசி இரவு முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

செப்டெம்பர் 14, சனி

சுவிசுக்கு வந்து சேர்ந்தோம். ஆரணியைப் படுத்தபடியே கொண்டுவரும் விமானத்தில் ஒரு தாதியோடு கொண்டுவந்தார்கள். இவர் அவளோடு. நான் தனியாக வேறு விமானத்தில்.

சப்பாத்து என்னோடு வந்தது. அது சொன்னபடி செவ்வாய்க்கிழமையே கிடைத்துவிட்டதாம். கழுவி, காயவைத்து, தடித்த பொலித்தீனில் மூடி ஒட்டி, மச்சாளின் கார் கொட்டகையில் கிடந்தது. எறிந்துவிடு என்றார் இவர். மாட்டேன் என்றேன். அதே பையில் வைத்துத் தோளில் கொழுவிக்கொண்டேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. ஆறு கிலோ நானூறு. தராசுக்காரி தலையாட்டிப் போகச் சொன்னாள். ஒரு நாளுக்கு மேல், விமானம் மாறி மாறி, தலைக்கு மேலே இருந்தது. இவ்வளவு லேசான காரியம்.

மறுவாழ்வு நிலையத்து டொக்டர் இடுப்புக்குக் கீழே இனி உணர்வும் அசைவும் இல்லை என்றார். மெதுவாக, வடிவாக, மேசையில் முதுகெலும்பு பொம்மையை வைத்துக் காட்டி விளக்கினார். இவர் எழும்பி வெளியே போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழ உரிமை இல்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சனம் வருகிறது. புட்டும் கறியும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக. எல்லோருக்கும் கதை தெரியும். எல்லோரும் என் முதுகைத் தடவுகிறார்கள். அன்பில் வைத்தது, யாருக்குத் தெரியும், உங்கள் மேல் பிழை இல்லை, நாங்களும்தான் வைத்திருப்போம் என்கிறார்கள். ஒருத்தி தான் பிள்ளையின் கித்தார்ப் பெட்டிக்குள் பனங்கிழங்கு வைத்து அனுப்பிய கதையைச் சொல்லி அழுதாள். என்னை ஆற்றுவதற்காகத் தன்னைக் கள்ளியாக்கிக் காட்டுகிறாள், பாவம்.

எல்லோருக்கும் தலையாட்டினேன். ஊர் வாய் இந்தத் தடவை எனக்காகக் கதைக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒக்டோபர் 6, ஞாயிறு

ஆரணி சக்கர நாற்காலியில் ஏறப் பழகுகிறாள். கையால் உந்தி, உடம்பைத் தூக்கி, பக்கத்துக்குப் போடவேண்டும். நாலு தரம் விழுந்தாள். நான் தூக்கப் போனேன். தாதி மறித்தாள். ஆரணி என்னைப் பார்க்காமல் ஐந்தாம் தரம் ஏறினாள்.

என்னோடு மரியாதையாகத்தான் கதைக்கிறாள். சாப்பிட்டீர்களா, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்கிறாள். ஹோட்டலில் விருந்தாளிகள் என்னோடு இப்படித்தான் கதைப்பார்கள்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

இவர் ரேத்தோ மேல் முறைப்பாடு எழுதியிருக்கிறார். இரவல் சப்பாத்தோடு ஓடவிட்டது அவர் குற்றமாம். மூன்று பக்கம். தகப்பனும் தாயும் கையெழுத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டுமாம். இவர் கையெழுத்தை வைத்துவிட்டு எனக்குப் பேனையை நீட்டினார். கண்ணாடி இல்லை, பிறகு வைக்கிறேன் என்றேன்.

ரேத்தோ போன கிழமை நிலையத்துக்கு வந்திருந்தார். நடையில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்பது வயது ஆம்பிளை. தடுத்திருக்க வேண்டும், அவள் கெஞ்சினாள், தடுக்கவில்லை என்றார். என்னிடம்! என்னிடம் வந்து கேட்கிறார்.

ஒக்டோபர் 25, வெள்ளி

இதை ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இதுவரை எழுதியதில் மறைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியும். பவளம் மச்சாள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. வெங்காயம் உரிக்கவில்லை. பாரம் கூடினால் பை கீழே போகும், கீழே போனால் நாய் பிடிக்கும், பிடித்தால் ஞாயிறு தாண்டும். விரல் மடித்துக் கணக்குப் பார்த்துத்தான் கட்டினேன். கறிவேப்பிலையை ஈரக் கடதாசியில் சுற்றியது வாடாமல் இருக்க, வாடாமல் இருந்தால்தான் மறிப்பார்கள். பிள்ளையைச் சாகாமல் வைத்திருக்க நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

இன்று கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஆரணி ஜன்னலடியில் நாற்காலியில் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார முடியவில்லை. தெரிந்துதான் வைத்தேன், பை பிடிபட வேண்டுமென்றுதான் வைத்தேன் என்றேன். கையெழுத்து வைக்க ஏலாது, அந்த மனிசனில் பிழை இல்லை என்றேன். முழுதும் சொல்லி முடிய என் குரலே எனக்கு வேறு ஆளின் குரலாகக் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள். "பவளம் மாமி அங்கையே சொல்லிட்டா."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அப்படியானால் ஏன் கேட்கவில்லை, ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்றேன்.

"அப்பாட்டைச் சொன்னா வீடு உடைஞ்சுபோடும். உங்களிட்டை... நீங்களே சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு அறுபத்தொரு நாள்."

எண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போது இன்றைக்கா என்று பார்த்திருக்கிறாள். நான் வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன்னைச் சாகக் கொடுக்க ஏலாமல்தான் செய்தேன் என்றேன். லீவியாவின் தாய் என் கையைப் பிடித்ததைச் சொன்னேன். நித்திரை இல்லாத இரவுகளைச் சொன்னேன். அதையெல்லாம் ஜனவரியிலேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளையிடம் பயத்தைச் சொல்லக்கூடாது, தடுத்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"சப்பாத்து இல்லையெண்டா நான் ஓடமாட்டன் எண்டு நினைச்சீங்கள், என்ன?"

"ஓம் பிள்ளை."

"பத்தொன்பது வருசம் வளர்த்து, என்னை உங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு களைப்பாக இருக்கிறது, படுக்கவேண்டும் என்றாள். நான் தூக்க எழும்பினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மணியை அழுத்தித் தாதியைக் கூப்பிட்டாள்.

ஒக்டோபர் 26, சனி

இவருக்குச் சொன்னேன். கடிதத்தை நாலாகக் கிழித்தார். தலையணையை எடுத்துக்கொண்டு ஆரணியின் அறைக்குப் போய்விட்டார். இன்றைக்குக் குறட்டை கேட்கவில்லை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து எட்டு வரை. இரண்டுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், ஆரணி இன்று ஒருவரையும் பார்க்க விரும்பவில்லை என்றாள். ஒருவரையுமா என்று கேட்டேன். அவள் கடதாசியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். தகப்பன் வரலாம் என்று எழுதியிருக்கிறது என்றாள்.

நடையில் வாங்கு ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு இவர் வந்து என்னைத் தாண்டி உள்ளே போனார். ஆறு மணிக்குத் தாண்டி வெளியே போனார். உள்ளே ஒருதரம் அவள் சிரித்தது போலக் கேட்டது. அவளுடைய சிரிப்புத்தானா என்று தெரியவில்லை. எட்டு மணிக்கு விளக்கைத் தணித்தார்கள், எழும்பி வந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அதே வாங்கில் இரண்டிலிருந்து எட்டு வரை இருந்தேன்.

நவம்பர் 4, திங்கள்

ஹோட்டலில் இன்று சப்பாத்து அறை திறந்தார்கள். என் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பின்னேர வேலை எனக்கு ஏலாது. இரண்டு மணிக்கு நான் நிலையத்தில் இருக்கவேண்டும்.